திருப்பிக் கேட்ட ‘ஆமாங்க’

1954ஆம் ஆண்டு, ஆடி மாதத்து வியாழக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும்.

கம்பி அலறியது. ஊசிமலைத் தோட்டத்து ஸ்டோரில் யாரும் தலை நிமிரவில்லை. தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். மலை உச்சியில் இருக்கும் மேற்கொட்டிலிலிருந்து ஸ்டோரின் பின்பக்க மேடை வரை ஒரு முரட்டுக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கொழுந்து மூட்டையைச் சக்கரச் சில்லு வைத்த கொக்கியில் மாட்டிவிட்டால் அது தானாகவே வழுக்கி வந்து சேரும். வரும்போது காது கிழிய அலறும்.

மேலே மூட்டை மாட்டுகிறவன் பழனியாண்டி. கீழே கழற்றுகிறவள் அவன் மனைவி வேலாயி. அவன் இரும்புத்தடியால் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவான். அவள் ஒதுங்கி நின்று ஒரு தட்டுத் தட்டினால் ‘அனுப்பு’ என்று அர்த்தம். அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசுவதைவிடக் கம்பியில் பேசுவதுதான் அதிகம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேலி செய்வார்கள்.

அன்றைக்கு மலை முழுக்கப் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. மூட்டை வந்து வைக்கோல் கட்டில் மோதி நின்றது. வேலாயி அதைக் கழற்ற மேடை விளிம்புக்குப் போனாள். கழற்றிய மூட்டைகளை உள்ளே தூக்கிப் போகும் சண்முகவடிவு கதவடியில் இடுப்புச் சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பொத்தென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது மேடையில் வேலாயி இல்லை. கீழே கருங்கல் படியில் தலை அடிபட்டுக் கிடந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிர் போய்விட்டது.

சண்முகவடிவு போட்ட கூச்சலில் ஸ்டோரே திரண்டது. சற்றுப் பொறுத்துக் கண்டாக்கு மகாலிங்கம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மலை வேலைகளுக்கெல்லாம் துரைக்கு அடுத்த அதிகாரி அவர். அவரை அடுத்து, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து மூட்டை சுமக்கும் சின்னராசா சரிவில் விழுந்து எழுந்து வெறுங்கையோடு ஓடி வந்தான். வேலாயியின் கூடப்பிறந்த தம்பி. சாரம் முழுக்க ஒட்டுப்புல். அக்காவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “நான் வந்துட்டேன்க்கா, நான் வந்துட்டேன்க்கா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் வந்தவன் பழனியாண்டி. மேலேயிருந்து இறங்கிவர அவ்வளவு நேரம் ஆகும். மேடையில் கிடந்த இரண்டு மூட்டைகளைப் பார்த்தான். “நான் ஒண்ணுதானே அனுப்புனேன்” என்றான். அதைக் காதில் வாங்கிக்கொள்ள அங்கே யாருக்கும் நேரமில்லை.

பொலிஸ் வந்தது. முதல் நாள் மாலை பழனியாண்டியின் ஓரறைக் காம்பராவில் சண்டை நடந்ததாக லயத்தில் யாரோ சொன்னார்கள். சண்டை நடந்தது உண்மை. சோறு ஆறிவிட்டது என்று மழையில் நனைந்து வந்தவன் சத்தம் போட்டிருக்கிறான். உலகத்தில் எந்த வீட்டில்தான் சோறு ஆறவில்லை? ஆனால் செத்தவள் பெண்டாட்டி என்றால் ஆறின சோறும் சாட்சிக்கு வந்துவிடும். சமிக்ஞை கொடுக்காமல், வேண்டுமென்றே இரண்டாவது மூட்டையை விட்டுக் கொன்றான் என்று வழக்கு எழுதினார்கள்.

பிறகு கண்டாக்கு மகாலிங்கம் குறுக்கே வந்தார். துரையிடம் பேசினார், பொலிஸிடம் பேசினார், தோட்டத்து வக்கீலான பிரக்கிராசியிடமும் பேசினார். பேச்சு இப்படி முடிந்தது: கொலை வழக்கைக் கைவிடுவார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் பழனியாண்டி ஒத்துக்கொள்ள வேண்டும். அபராதத்தைத் தோட்டமே கட்டும். வேலை போகாது, காம்பராவும் போகாது.

அட்டன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரான முதலியார் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்டார். பழனியாண்டி பின்னால் திரும்பிக் கண்டாக்கைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

“ஆமாங்க” என்றான்.

தண்டனையை அறிவிக்க இரண்டு வாரம் தவணை போட்டார்கள். எல்லோரும் கண்டாக்கு ஐயாவின் தங்கமான மனதைப் புகழ்ந்துகொண்டு பஸ் ஏறினார்கள்.

அந்தத் தவணை முடிவதற்குள் பழனியாண்டி தனியாக அட்டனுக்கு வந்து, தோட்டத்தோடு சேராத வேறொரு பிரக்கிராசியான சிவபாதத்தின் கதவைத் தட்டினான்.

சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக்கு வந்து பல வருஷமாகியும் குளிரோடு சமாதானமாகாதவர். கழுத்தில் கம்பளித் துண்டு, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல், நெஞ்சில் தீராத இழுப்பு. ‘இந்த ஆள் வழக்கு நடத்துவதில்லை, நோண்டுகிறார்’ என்று மற்றப் பிரக்கிராசிமார் சொல்வார்கள். அது பாராட்டு இல்லை.

“என்ன விஷயம்? சொல்லும்.”

“நான் கோட்டுல சொன்னத திருப்பி வாங்கணும்ங்க.”

“எத்தனை மூட்டை அனுப்பினீர்?”

“ஒண்ணுங்க.”

“கீழ கிடந்தது?”

“ரெண்டுங்க.”

“மற்றது எங்கால வந்தது?”

“தெரியலைங்க. சத்தியமா நான் தட்டாம மூட்டை விட்டதே இல்லைங்க. கீழ நிக்கிறது அவ இல்லீங்களா.”

“பிறகு ஏன் காணும் ஓமெண்டு சொன்னீர்?”

பழனியாண்டிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பிரக்கிராசி ஐயாவுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தான்.

“காலையில ஆளுக் கணக்கு எடுக்கிற பெரட்டுல அப்படித்தாங்க. தொர கேட்டா ஆமாங்கம்போம். அரைப்பேரு வெட்டுவாரு, அரைநாள் சம்பளந்தான் போகும், வேலைக்குப் போயிருவோம். இல்லீங்கன்னு சொன்னா முழுப்பேரும் போயிரும், மறுநாளு வேலையும் இருக்காது. செஞ்சோமா செய்யலியாங்கிறது வேற பேச்சு. கோட்டும் ஒரு பெரிய பெரட்டுன்னு நெனச்சுப்புட்டேன்.”

சிவபாதம் போத்தலை மூடி வைத்தார். காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, நூறு வருஷமாகச் செய்யாத தப்புக்கெல்லாம் ‘ஆமாங்க’ சொல்லிப் பழகிய நாக்கு அது. நீதிமன்றத்தில் நின்றவுடன் மட்டும் வேறு நாக்கு முளைத்துவிடுமா?

“சரி, நடந்தது நடந்துபோச்சு. அபராதம் தோட்டம் கட்டும். நீர் வேலையும் செய்யலாம். ஆனால் இதை வாபஸ் வாங்கினால் பழைய கொலை வழக்கு எழும்பும். கண்டிப் பெரிய கோட்டுக்குப் போகும். தோத்தால் வருஷக் கணக்கில மறியல் வீட்டில அடைஞ்சு கிடக்கவேணும். ஏன் இந்த வினை?”

“புள்ள எங்கிட்ட வரமாட்டேங்குதுங்க.”

“எந்தப் பிள்ளை?”

“பூரணிங்க. எட்டு வயசு. ‘ஒங்கப்பாவே கோட்டுல ஆமான்னுட்டாரு’ன்னு லயத்துல யாரோ சொல்லிப்புட்டாங்க. மச்சான் காம்பராவுல போயி இருந்துக்கிருச்சு. நான் போனா கதவுக்குப் பின்னால போயிருது. என் மொகத்தப் பாக்க மாட்டேங்குதுங்க.” அவன் அழவில்லை. “மறியலுக்குப் போனாலும் போறேன். நான் அவளக் கொல்லலன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்ங்க.”

சிவபாதம் மனு எழுதினார்.

நீதவான் நல்ல மனிதர், ஆனால் சட்டம் தெரிந்த மனிதர். “தெளிவாகக் குற்றத்தை ஒத்துக்கொண்டவர், மனம் மாறியது என்பதற்காக அதை வாபஸ் வாங்க முடியாது. இரண்டாவது மூட்டையை இவர் அனுப்பவில்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு காரணம் காட்டுங்கள். வரும் திங்கட்கிழமை வரை அவகாசம்” என்றார். வாபஸ் வாங்கினால் முதல் குற்றச்சாட்டையே கொண்டுவருவோம் என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து சொன்னார். கண்டாக்கு மகாலிங்கம் பின்வரிசையில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சிவபாதம் றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி, குடையை ஊன்றி ஊன்றித் தோட்டத்துக்கு நடந்தார். துரை அவருக்குத் தேநீரும் தந்தார், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதியும் தந்தார். இரண்டிலுமே சூடில்லை.

ஸ்டோர் மேடையில் சண்முகவடிவு நின்றாள். இப்போது வேலாயியின் வேலையும் அவள் தலையில்தான். சிவபாதம் ஒரு கேள்வியைத் தொடங்கினார். அதற்குள் மேலேயிருந்து இரண்டு தட்டு. அவள் அவரைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினாள். கம்பி அலறத் தொடங்கியது. சிவபாதம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மூட்டை வந்து மோதி நின்ற பிறகுதான் கையை எடுத்தார்.

“அண்டைக்கும் இப்படித்தான் கத்தினதோ?”

“எப்பவும் இப்படித்தாங்க. அன்னைக்கும் அலறுச்சு, மூட்டை வந்துச்சு, வேலாயி கழட்டப் போச்சு. நான் படங்கக் கட்டிக்கிட்டு இருந்தேன். பொத்துன்னு ஒரு சத்தம். நிமுந்து பாத்தா...” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அலறினதுக்கும் பொத்தெண்டு கேட்டதுக்கும் இடையில வேற ஏதும் கேட்டதோ?”

“ஒண்ணும் கேக்கலைங்க.”

“இதைப் பொலிஸிட்டச் சொன்னீரோ?”

“மூட்டை வந்து அடிச்சுச்சான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன்.”

இந்த ‘ஆமாங்க’வுக்கு ஒரு கோயில் கட்டலாம் என்று சிவபாதம் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

அவர் கம்பியின் கீழாகவே மலையில் ஏறினார். பாதி தூரத்தில், ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில், ஒரு புல்மேடு வந்தது. அங்கே கம்பி தாழ்ந்து, குடையை நீட்டினால் தொடும் உயரத்தில் போனது. இழுப்புத் தாளாமல் அந்தப் புல்லில் உட்கார்ந்தார். மேலே பார்த்தால் கம்பி செங்குத்தாக ஏறிப் பனிக்குள் மறைந்தது. கீழே ஸ்டோர் வரைக்கும் சாய்வு குறைந்து மெல்ல இறங்கியது. எழுந்தபோது கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். பாதியில் கை நின்றது. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு மேற்கொட்டிலுக்கு ஏறினார். அது பலகைத் தளம் போட்ட கொட்டில். சுற்றிலும் சரளைக்கல். புல் ஒரு கைப்பிடிகூட இல்லை.

பிற்பகலில் கண்டாக்கின் பங்களாவுக்குப் போனார். மகாலிங்கம் கதிரை போட்டு, ஊர் விசாரித்து, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கிராமம் என்று கண்டுபிடித்து மகிழ்ந்தார்.

“ஐயா, நாங்கள் ஒரு ஊர்ச் சனம் மாதிரி. இந்த ஆக்களுக்காக ஏன் இந்தக் குளிருக்க அலையிறியள்? நான் அவனைக் காப்பாத்தித்தானே விட்டனான்?”

“ஓம், ஓம். பெரிய உபகாரம். அந்த நேரம் நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

“ஸ்டோர்க் கந்தோருக்குள்ள கணக்கு எழுதிக்கொண்டிருந்தனான். கம்பி அலறின சத்தம் கேட்டுது. உடனயே திரும்பவும் அலறினது. என்னடா, தட்டாமல் அடுத்ததை விடுறான் எண்டு எழும்பி ஓடினேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. பொலிஸுக்கும் இதைத்தான் சொன்னனான்.”

“ஏழாம் மலைக் கொழுந்து அண்டைக்கு வேளைக்கு வந்ததோ?”

“வந்தது.”

“முதல் நாள்?”

மகாலிங்கம் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தார். “முதல் நாள் பிந்திப்போச்சு. துரை எல்லாருக்கும் முன்னால என்னை ஏசினவர். அதுக்கும் இதுக்கும் என்ன?”

“ஒண்டுமில்லை. தேத்தண்ணி நல்லாயிருக்கு” என்றார் சிவபாதம்.

கடைசியாக லயத்துக்குப் போனார். சின்னராசாவின் காம்பரா வாசலில் பூரணி உட்கார்ந்திருந்தாள். சின்னராசா ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டு, அவள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தான். அவன் சாப்பிட்டுப் பல நாள் ஆனதுபோல் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிரக்கிராசி என்று கேட்டதும் எழுந்து நின்றான்.

“இரும், இரும். ஒரே ஒரு கேள்வி. அண்டைக்கு ஏழாம் மலையிலயிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர் எண்டு கொழுந்து பறிக்கிற பெண்டுகள் சொல்லுதுகள். ஸ்டோருக்கு நீர் வெறுங்கையோட வந்தீர். மூட்டையை எங்க வைச்சிட்டு வந்தனீர்?”

ரொட்டித்துண்டு சின்னராசாவின் கையில் அப்படியே இருந்தது.

“மாமா, ஆ” என்று பூரணி வாயைத் திறந்தாள்.

“ஞாபகம் இல்லைங்க” என்றான் அவன்.

சிவபாதம் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க அவரால் முடியவில்லை. அட்டனுக்குத் திரும்பியதும் நேராகப் பொலிஸுக்குப் போய், சான்றாக எடுத்து வைத்திருந்த இரண்டு சாக்குகளையும் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஜெயித்த களை ஏதும் இல்லை. வழக்கை உடைத்தால் ஒரு குழந்தைக்கு அப்பன் கிடைப்பான். ஆனால் அந்தக் குழந்தை இன்னொரு ஆளை இழக்கும். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு தடவை யோசித்தார். பேசாமல் இருந்தால் பழனியாண்டி சாகும்வரை மகளுக்குக் கொலைகாரன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. நீதிமன்றம் நிறைந்திருந்தது. சண்முகவடிவு பூரணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். சின்னராசா சுவரோரம் நின்றான். மனுவை எதிர்க்கப் பொலிஸ் கண்டாக்கு மகாலிங்கத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. அவர் சொல்லி முடித்ததும் சிவபாதம் எழுந்தார்.

“கம்பி எத்தனை தரம் அலறினது?”

“இரண்டு தரம்.”

“நிச்சயமாக?”

“இரண்டு மூட்டை வந்தது. இரண்டு தரம் அலறினது. நான் என்ர காதால கேட்டனான்.”

“நல்லது.” சிவபாதம் நீதவான் பக்கம் திரும்பினார். “கனம் நீதவான் அவர்களே, அன்று மேடையடியில் நின்ற ஒரே சாட்சி சண்முகவடிவு. கம்பி ஒருமுறைதான் அலறியது என்கிறார். மூட்டை வந்தது, வேலாயி கழற்றப் போனாள், அதன் பிறகு கேட்டது பொத்தென்ற சத்தம் மட்டும். கம்பி அலறும்போது அந்த மேடையில் நின்று பேசவும் முடியாது, ஒதுங்காமல் இருக்கவும் முடியாது. நான் நின்று பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அந்த வேலை செய்த பெண், அடுத்த மூட்டை அலறிக்கொண்டு வந்திருந்தால் ஒதுங்கியிருப்பாள். அவள் ஒதுங்கவில்லை. ஏனென்றால் அது அலறவில்லை.”

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். “மூட்டை வந்தால் அலறாமல் எப்படி?”

“மேலேயிருந்து வந்தால் அலறாமல் இராது. செங்குத்தில் வருகிற வேகம் அப்படி. ஆனால் பாதி மலையில் ஒரு புல்மேடு இருக்கிறது. அங்கே கம்பி கையெட்டும் உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே சாய்வு குறைவு. அங்கே மாட்டுகிற மூட்டை சத்தமில்லாமல் வரும். குனிந்து நிற்கிற ஒரு பெண்ணை மேடையிலிருந்து தள்ளிவிட அந்த வேகம் போதும்.” மேசையில் இருந்த சாக்கைப் புரட்டினார். “இந்த இரண்டு சாக்கில் ஒன்றின் அடியில் மட்டும் ஒட்டுப்புல். மேற்கொட்டிலில் பலகையும் கல்லும்தான் உண்டு, புல் இல்லை. புல்மேட்டில் உட்கார்ந்து எழுந்த என் கால்சட்டையில் இதே புல் ஒட்டியது. மூட்டையை அந்த மேட்டில் வைத்திருக்கிறார்கள். பழனியாண்டி அனுப்பியது ஒரே ஒரு மூட்டை. அவன் முதலிலிருந்தே அதைத்தான் சொன்னான்.”

பழனியாண்டி கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். மகளைத் தேடி அவன் கண் பின்வரிசைக்குப் போனது.

“அப்படியானால் மாட்டியது யார்?”

“மாட்டச் சொன்னவர் இந்தக் கூண்டில்தான் நிற்கிறார். முதல் நாள் கொழுந்து பிந்தியதற்காகத் துரையிடம் ஏச்சு வாங்கியவர். மறுநாள் ஏழாம் மலைக் கொழுந்தை வழி சுற்றிச் சுமக்காமல், மேல் மூட்டை போன கையோடு கம்பியில் போடச் சொன்னார். மேலேயும் தட்டவில்லை, கீழேயும் கேட்கவில்லை. அவர் அன்று கந்தோருக்குள் இருக்கவில்லை. இருந்திருந்தால் ஒரு அலறலைத்தான் கேட்டிருப்பார். புல்மேட்டில் நின்றவருக்குக் கீழே என்ன கேட்டது என்று தெரியாது. இரண்டு மூட்டை போனது, ஆகவே இரண்டு தரம் அலறியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பிறகு இந்த வழக்கை ‘ஆமாங்க’வில் முடித்து வைக்க ஓடித் திரிந்தவரும் அவரேதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!”

“நான் மாட்டேல்லை. என்ர கையால ஒண்டும் செய்யேல்லை” என்றார் மகாலிங்கம்.

அந்த வார்த்தை நீதிமன்றம் முழுக்கக் கேட்டது. கண்டாக்கு மூட்டை தூக்கமாட்டார். அது ஏழாம் மலையில் மூட்டை சுமக்கிறவனின் வேலை. பழனியாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. சுவரோரம் பார்த்தான். சின்னராசாவின் முகம் சாம்பலாகிப் போயிருந்தது.

“ஐயா போதும்ங்க!” பழனியாண்டி கூண்டிலிருந்து கத்தினான். “நான் திருப்பிக் கேட்டது தப்புங்க. முன்ன சொன்னதே இருக்கட்டும். ஆமாங்க, நான்தாங்க!”

“அமைதி!” என்றார் முதலியார்.

“நான்தாங்க மாட்டுனேன்.”

அதைச் சொன்னவன் சின்னராசா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கைகூப்பவும் மறந்துபோனான்.

“கண்டாக்கையா கொக்கியக் கையில குடுத்து, மேல் மூட்டை தாண்டிப் போனதும் போடுடான்னாரு. தட்ட வேணாமா ஐயான்னேன். முன்ன போனது போயிருக்கும், வழி சும்மாதான் கெடக்கு, போடுன்னாரு. போட்டேன். கீழ நிக்கிறது எங்கக்கான்னு எனக்குத் தெரியாதாங்க? தெரியும். ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். சண்முகவடிவு அக்கா சத்தம் போட்டது மேட்டுக்கு வந்துச்சு. ஓடியாந்தேன்.” அவன் மூச்சு விட்டான். “வாயத் தொறந்தா நீதான் தூக்குக்குப் போவ, ஒங்க மச்சானுக்கு அபராதத்தோட போயிரும்னு கண்டாக்கையா சொன்னாரு. மச்சான் ஆமான்னு சொன்னப்ப நான் பின்னால நின்னுக்கிட்டுத்தாங்க இருந்தேன். வாயி வரலைங்க.”

நீதவான் வெகுநேரம் எழுதினார். பழனியாண்டியின் ஒப்புதலை வாபஸ் வாங்க அனுமதித்தார். அந்த ஒப்புதலில் ஒரு சொல்கூட அவனுடையதல்ல என்று சேர்த்துச் சொன்னார். மகாலிங்கத்தையும் சின்னராசாவையும் பொலிஸ் கூட்டிப்போய் வாக்குமூலம் எடுக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டார். பழனியாண்டி கூண்டை விட்டு இறங்கினான். அவன் கேட்டது கிடைத்துவிட்டது. கண்தான் சின்னராசாவை விட்டு நகரவில்லை.

வெளி விறாந்தையில் பூரணி நின்றாள். பிரக்கிராசி ஐயா பேசியதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. ஆனால் மாமா பேசியது முழுக்கப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் வந்தாள். அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளாக இதற்குத் தவித்தான் அவன்! குந்தி உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்டு, மறைக்காமல், வாய்விட்டு அழுதான்.

சின்னராசாவை ஜீப்புக்குக் கூட்டிப் போனார்கள். பூரணி அப்பாவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் புதைப்பு பழனியாண்டிக்குத் தெரிந்த புதைப்புத்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் அனுபவித்தது. அதைத் தன் எதிரிக்குக்கூட அவன் நினைக்கமாட்டான், மச்சானுக்கு எப்படி நினைப்பான்?

“ஆத்தா, மாமாவப் பாரு.”

அவள் தலையசைத்து மறுத்தாள்.

“ஒங்கம்மா அவனுக்கு அக்கா, ஆத்தா. ஒன்னயவிட அவனுக்குத்தான் மொதல்ல அவ அம்மா. தூக்கி வளத்தது அவதான். போ. போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வா.”

அவள் கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. காலையில் சின்னராசா பசிக்குமே என்று சுட்டுக் கட்டிக் கொடுத்த ரொட்டி. பூரணி அதைப் பிரித்துப் பார்த்தாள். அதில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஜீப் அசையத் தொடங்கிவிட்டது. “மாமா! மாமா!” என்று ரோட்டு வளைவு வரை ஓடினாள்.

சிவபாதம் விறாந்தைத் தூணோரம் நின்று கம்பளித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பனி என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அன்றைக்கு நல்ல வெயில்.

பூரணி மெல்ல நடந்து திரும்பி வந்தாள். பிய்த்த ரொட்டி அப்படியே கையில் இருந்தது.

“மாமா என்னயப் பாக்கவே இல்லப்பா” என்றாள்.